ரயில் சாரதியின் காதையும் மனசையும் யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பில் இரவு ரயிலேறிக் கண்ணயர்ந்தால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கிவிடுகிறோம், ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதையில் கண்விழித்து ஓட்டுகிறவர்களை நாங்கள் யோசிப்பதே இல்லை. என் பெரியப்பா ரயில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் ஒழுங்கை வரை கேட்கும். பேத்தி முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார், தோளைத் தொடவேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளும் 8 மணி நேரம் இருந்தால் காது பழுதாகும் என்கிறார்கள், அவர் டீசல் எஞ்சினோடு இருந்ததோ வருடக்கணக்கு. இடுப்புவலி, நேரங்கெட்ட சாப்பாடு, சீனி வருத்தம் எல்லாம் அப்புறம்.

அதைவிடப் பெரியது மனசு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி 6 யானைகள் செத்தபோது எல்லோரும் கலங்கினோம், சரி. பிரேக் போட்டவுடன் நிற்கிற வாகனமல்ல ரயில். மோதப்போகிறது என்று தெரிந்தும் உள்ளே இருந்து பார்க்கத்தான் முடியும். தண்டவாளத்தில் மனிதர் நின்றாலும் அதே நிலைதான். அப்படியொரு நாளுக்குப் பிறகு சாரதிக்கு விடுப்பும் உளவளத்துணையும் கட்டாயம் கிடைக்கவேண்டும், ஆண்டுதோறும் காதுப் பரிசோதனையும் செய்யவேண்டும்.

வாசகர்,
ஏறாவூர்.