தம்பிக்கு, கிரில் ஷெல் விஷயமாக

தம்பி,

உன் பழைய ஃபோர்டு வண்டியின் கிரில் ஷெல்லுக்கு, முன்னால் ரேடியேட்டரைச் சுற்றி நிற்கிற அந்தத் தகட்டுக்கு, நேற்று பெயிண்ட் அடித்துவிட்டேன். நான்தான் அடித்தேன். கராஜில் கம்பியில் தொங்குகிறது. காலையில் காபியோடு போய்ப் பார்த்தேன், ரெண்டு இடத்தில் தூசி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு இடத்தில்கூட ஒதுங்கவில்லை.

ஒதுங்கவில்லை என்றால் உனக்குப் புரியும்.

போன வாரம் அப்பா திதிக்கு வீடியோவில் எல்லாரும் வந்தோமே, அம்மா இலை போடும்போது நான் உன்னை "சாப்பிட்டியா" என்று கேட்டேன். நீ "ம்" என்றாய். போனை வைத்ததும் நேரே கராஜுக்குப் போய் உன் வண்டி மேல் கிடந்த துணியை இழுத்துப் போட்டேன். ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டதை அன்றைக்கு ஆரம்பித்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் "சரிக்கா, விடுக்கா" என்பாய். நான் இங்கே எழுதுவதை நீ படிக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. அம்மாவுக்கும் இதை யாராவது படித்துக் காட்டுவார்கள். அதனால் சில இடங்களில் கொஞ்சமாகத்தான் சொல்வேன். மிச்சம் உனக்கே தெரியும்.

2019 அக்டோபர், முதல் திதி முடிந்த மறு சனிக்கிழமை. சுவரில் இருந்த தெர்மாமீட்டர் 58 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. 60-க்குக் கீழே போனால் இந்தப் பெயிண்ட் ஒழுங்காக இறுகாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். "இன்னொரு நாள்னா ஏப்ரல்தான்க்கா" என்றாய். மிச்சிகனில் சூடில்லாத கராஜில் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு அதுதான் நிலைமை, நீ சொன்னது சரிதான். ஹீட்டரை ஓட விட்டோம். காற்று சூடான பிறகும் தகடு சில்லென்று இருந்தது. நீ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புறங்கையால் ஷெல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாய். குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் பூக்கும் என்று உனக்கு நான் சொல்லித் தந்ததில்லை. அப்பா சொல்லியிருப்பார்.

ஹீட்டரை அணைத்தாய். மெழுகு போக்குகிற திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்கு முன்னால் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தாய். அப்புறம் அப்பா பட்டறையில் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்த ஸ்ப்ரே கன்னை எடுத்தாய். கப் கீழே தொங்குகிற அந்தப் பழைய கன். கரூரிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாயே, அதே துண்டோடு. நான் வாங்கி வைத்த, குறைந்த அழுத்தத்தில் அடிக்கிற புது எச்.வி.எல்.பி. கன் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது.

முதல் கோட் மெல்லிசாகப் போட்டாய். இரண்டாவது கோட் ஈரமாக விழுந்தது, மெரூன் கலர் பளபளவென்று ஓடி மூடியது. நான் "நல்லா வருதுடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மேல் வளைவில் கடுகு அளவில் ஒரு குழி விழுந்தது. பெயிண்ட் அந்த இடத்தைவிட்டுச் சுற்றிலும் விலகி, ஓரத்தில் வரப்பு மாதிரி தடித்து நின்றது. குழிக்குள் கிரே பிரைமர் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே மூன்று. தோசைக்கல்லில் ஊற்றிய மாவில் ஓட்டை விழுகிற மாதிரி, நாம் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷெல் முழுக்க விழுந்தது. நீ கன்னைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாய்.

வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. இதை இங்கே ஃபிஷ் ஐ என்பார்கள். அப்பா "பெயிண்ட் ஒதுங்குது" என்பார். எண்ணெய், மெழுகு, எல்லாவற்றையும்விட மோசமாக சிலிகான், இதில் எது பரப்பில் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் பரவாமல் பின்வாங்கும். பரப்பு இழுவிசையில் வருகிற வித்தியாசம்தான் காரணம். நான் வேலை பார்க்கிற பெயிண்ட் லேப்பில் ஹேண்ட் லோஷன் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. கார் ஃபேக்டரிகளின் பெயிண்ட் ஷாப்பிலும் இதே கட்டுப்பாடு உண்டு. இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள் நான்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு என்ன சொன்னேன்? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நின்றால் இப்படித்தான் ஆகும் என்றேன். அந்தக் கன்னைத் தூக்கிக் குப்பையில் போடு என்றேன். மூன்றாவதாகச் சொன்னதை மச்சானும், வாசலில் நின்ற அவருடைய நண்பர்கள் ரெண்டு பேரும் கேட்டார்கள். "அப்பா கை உனக்கு வரவே வராது."

நீ பதில் சொல்லவில்லை. தின்னர் ஊற்றிக் கன்னைக் கழுவினாய். ஊசியைக் கழற்றித் துடைத்தாய், மூடியில் இருக்கிற சின்ன ஓட்டைகளைக் குத்தி எடுத்தாய், திரும்பத் துண்டில் சுற்றினாய். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் அங்கேயே நின்றேன், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜனவரியில் ஹூஸ்டன் போய்விட்டாய்.

இந்த மே மாசம் பாப்பாவின் சைக்கிளுக்கு பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தேன். ஒதுங்கியது. புது கன், புது ஃபில்டர், கம்ப்ரசரில் தண்ணீர் வடித்தாகிவிட்டது, எண்ணெய் வைத்த தலை எதுவும் பக்கத்தில் இல்லை. எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரே தகட்டை ரெண்டாக வெட்டி, ஒரே மாதிரி துடைத்து, ஒன்றைக் கராஜிலும் ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒரு ராத்திரி வைத்தேன். மறுநாள் ரெண்டையும் கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில் வைத்து அடித்தேன். வீட்டுக்குள் இருந்தது சுத்தமாக வந்தது. கராஜில் இருந்தது முழுக்கக் குழி.

கராஜ் கதவு, தம்பி. குளிர் ஆரம்பிக்கும்போது கிறீச்சிடும் என்று வருஷா வருஷம் உருளைகளுக்கு ஸ்ப்ரே அடிப்பேன். சிலிகான் ஸ்ப்ரே. டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கதவு ஏறி இறங்கும்போதெல்லாம் அது தூசியோடு கலந்து எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. 2019-லும் திதி முடிந்த அந்த வாரத்தில் நான்தான் அடித்தேன். நீ துடைத்து முடித்த பிறகு காற்றுக்காகக் கதவைப் பாதி தூக்கிவிட்டதும் நான்தான்.

இதைக் கண்டுபிடித்தது மே மாசம். இன்று செப்டம்பர். நடுவில் நாலு மாசம் சும்மா இருந்தேன். அதற்குக் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்று. நீயும் இதே நாலு மாசத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாய்? ஆறு குளிர்காலம் உன் வண்டி என் கராஜுக்குள் இருந்தது, என் வண்டி வெளியே பனியில் நின்றது. காலை ஆறு மணிக்கு இருட்டில் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நான் நிற்பேன். உன் 1931 ஃபோர்டு மாடல் ஏ துணி போர்த்திக்கொண்டு உள்ளே இருக்கும். விற்றுவிடு என்று மச்சான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பணம் பற்றி இங்கே எழுத மாட்டேன். வண்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நன்றாக இருக்கிறது.

போன வாரம் அந்த மெரூனைத் தேய்த்து எடுத்தேன். 320 வாட்டர் பேப்பர், ரப்பர் கட்டை, ஒரு வாளித் தண்ணீர். மூன்று சாயங்காலம் ஆனது. அடியில் நீ அடித்த எபாக்ஸி பிரைமர் அப்படியே இருந்தது. துரு என்று ஒரு புள்ளி கிடையாது. உள்பக்கம் தகடு மடிகிற இடத்தில் கன் எட்டாது, அங்கே நீ சின்ன பிரஷ்ஷால் தடவியிருக்கிறாய். அதை யாரும் பார்க்கப்போவதில்லை, நான் பார்த்தேன். ரேடியேட்டர் மூடி ஓட்டையை நீ வெல்ட் வைத்து அடைத்தாயே, அது எந்த இடம் என்று மேல்பக்கம் தேடினேன். கிடைக்கவில்லை. அப்பா பஸ்ஸின் பக்கவாட்டில் செய்வாரே, அதே மாதிரி தண்ணீரை ஊற்றி, தலையைச் சாய்த்து ட்யூப் லைட்டின் நிழலைப் பார்த்தேன். மங்கலான பிரைமர் தண்ணீர் பட்டதும் கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி ஆகும், மேடு பள்ளம் இருந்தால் லைட் அந்த இடத்தில் நெளியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். நெளியவில்லை.

அந்த ஈரத் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடவும்.

எபாக்ஸி அடித்து ஒரு வாரம் தாண்டினாலே தேய்க்காமல் அடுத்த கோட் பிடிக்காது என்பார்கள், இது ஆறு வருஷம். முழுக்கச் சொரசொரப்பு கொடுத்து, துடைத்து, மறுபடி ஒரு கோட் எபாக்ஸி போட்டேன். கலந்த பிறகு அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து அப்புறம் அடித்தேன். நீ அவசரப்படுவாய், டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய். கராஜைப் பற்றி இனி பயம் வேண்டாம். உருளைகளை மாற்றிவிட்டேன், கூரையிலிருந்து தரை வரைக்கும் கழுவினேன், ஸ்ப்ரே டப்பா வீட்டிலேயே இல்லை.

டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ரோட்டில் பழைய கார்களெல்லாம் ஓட்டி வருவார்களே, அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை நீ ஒரு வண்டி முன்னால் நின்றுவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? பெயிண்டே இல்லாமல் பிரைமரோடு ஓட்டி வந்த ரோட்ஸ்டர், மேலே திறந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பி வந்த பையன்களுக்கு இன்ஜினுக்கே காசு சரியாகப் போய்விடும், பெயிண்டுக்கு மிஞ்சாது, பிரைமரோடு ஓட்டினார்கள், அதுவே ஒரு அழகாகிவிட்டது என்று எனக்கு விளக்கினாய். "நாமும் இப்படியே விட்டுடலாம்க்கா." நான் அன்றைக்கு அதை சோம்பேறித்தனம் என்றேன். தப்பு. ஆனால் என் வேலையிலிருந்து இதைச் சொல்கிறேன்: சாதாரண பிரைமர் தண்ணீரை நிறுத்தாது, உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், அடியில் துரு ஓடும். எபாக்ஸி தண்ணீரைத் தாங்கும், வெயில் பட்டால் பூத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கலர் வேண்டும் என்றேன். பளபளப்பில்லாத மேட் வேண்டுமென்றால் மேட் கலரே அடிக்கலாம். இதை அன்றைக்கே பொறுமையாகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

சரி, மாஸ்க். இதில் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அன்றைக்கு நீ அப்பாவின் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஹார்டனர் கலந்து இறுக வைக்கிற டூ கே பெயிண்ட் அடித்தாய். நான் கத்தியதில் பாதி அதற்காக. ஒதுங்கியது ஒரு சாக்கு, அதை இப்போதுதான் எழுதவே வருகிறது. "அப்பா முப்பது வருஷம் இப்படித்தான் அடிச்சார்" என்றாய். அதற்கு நான் சொல்ல வந்த பதிலை அன்றைக்கும் விழுங்கினேன், இங்கேயும் எழுத மாட்டேன். பீடி என்றுதான் டாக்டர் சொன்னார். அப்படியே இருக்கட்டும். ஆனால் கடைசி வருஷங்களில் பட்டறையில் பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயிண்ட் வந்துவிட்டது என்று உனக்கும் தெரியும். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தின்னர் மாதிரி மூக்கில் ஏறி எச்சரிக்காது, வாசனை தெரிகிற அளவுக்கு வந்தால் ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் நெஞ்சு அடைக்கும், ஆஸ்துமா வரும். ஈரத் துண்டு தூசியைத்தான் நிறுத்தும்.

அப்பா என்னைக் கன்னைத் தொட விட்டதில்லை. பட்டறை வாசலோடு நிறுத்திவிடுவார். "பொம்பளப் புள்ள இந்த வாசத்துல நிக்கக் கூடாது சாமி, வீட்டுக்குப் போ." உனக்குப் பன்னிரண்டு வயசில் கன்னைக் கையில் கொடுத்தார். அந்தக் கோபத்தில்தான் நான் கெமிஸ்ட்ரியே படித்தேன், யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாசத்தில் நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது பார். தெரிந்தும் உன்னை உள்ளே கூப்பிட்டார், அவரும் உள்ளேயே நின்றார். இதை நினைத்தால் யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று நான் அடித்தது அவருடைய கன்னில். அடைப்பு இல்லாமல் வந்தது, நீ கழுவி வைத்த லட்சணம் அப்படி. என் கோட் உன்னுடையது அளவுக்கு இல்லை. கீழ் ஓரத்தில் ஒரு இடத்தில் வழிந்திருக்கிறது, இறுகட்டும், தேய்த்துக்கொள்ளலாம்.

சேசிஸ் பிராக்கெட்டுகள், முன் ஆக்சில், ஹெட்லைட் கம்பி எல்லாம் இந்த மாசத்துக்குள் முடித்துவிடுவேன். கதவு ரெண்டையும் தொடப்போவதில்லை. எபாக்ஸியோடு சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், ஏப்ரலில் கராஜ் சூடாகும்போது நீ வந்து அடி. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிற மாஸ்க் செட் ஒன்று வாங்கிவிட்டேன். முகத்தில் இறுக்கி ஒட்டுகிற மாதிரி. திதி அன்றைக்கு வீடியோவில் பார்த்தேன், தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கிறது. முடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். மழித்துவிட்டு வா.

அக்கா