மிஷின் இருந்த இடம்: ஒரு நன்றி மடல்

எங்கள் வீட்டு வேலையில் கைகொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். அப்பாவின் முதல் வருஷத் திதி போன வாரம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் மூன்று பேராவது முன்னறையில் கால் இடறி, "என்னம்மா, இங்க மட்டும் பள்ளமா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளத்தை மேவாமல் விட்டுவைத்த உங்களுக்குத்தான் இந்த மடல்.

அப்பா தையல்காரர். ஜன்னலோரம் கால்மிஷின் போட்டு நாற்பது வருஷம் தைத்தார். அவர் போன பிறகு, அவரிடம் தொழில் பழகிய தம்பி மிஷினை எடுத்துப்போனார். அதை இன்றும் ஓட்டுகிறார். அதற்கே முதல் நன்றி. மிஷின் நகர்ந்ததும் சிவப்புக் காவித் தரையில் நாலு குழிகள் தெரிந்தன. பக்கத்தில், ஸ்டூலை இழுத்து இழுத்து நிறம் வெளுத்த ஒரு திட்டு. அம்மா அந்த இடத்தைச் சுற்றித்தான் நடப்பார்.

மற்ற இடமெல்லாம் தரையில் விரிசல். முதலில் வந்த இன்டீரியர்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஃபால்ஸ் சீலிங், ஜன்னலோரம் சோபா, அப்பா படத்துக்கு எல்இடி விளக்கு வைத்த கண்ணாடி மாடம். அம்மா பார்த்துவிட்டு, "பேங்க் மாதிரி இருக்கு" என்றார். கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான்.

அப்புறம்தான் ஆர்க்கிடெக்சர் படிக்கும் அண்ணன் மகள் வந்தாள். பெர்லினில் உள்ள யூத அருங்காட்சியகத்தைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2001இல் திறந்த கட்டடம். உள்ளே அடித்தளத்திலிருந்து கூரைவரை வெறும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே வெற்றிடங்களை விட்டிருக்கிறார். சிலவற்றுக்குள் நுழையவே முடியாது, எட்டித்தான் பார்க்கலாம். இல்லாமல் போனவர்களின் இடம் அது. ஒன்றில் மட்டும் மெனாஷே கதிஷ்மான் என்ற சிற்பி, இரும்புத் தகட்டில் வெட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்களைத் தரையில் பரப்பியிருக்கிறார். அவற்றின் மேல் நடந்தால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் சுவரெல்லாம் எதிரொலிக்குமாம். நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற கொடுமையையும், 76 வயதில் தூக்கத்திலேயே போன எங்கள் அப்பாவையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் "அத்தை, சோபா வேணாம். அந்த இடத்த அப்படியே விட்டுடலாம்" என்று அவள் சொன்னபோது, அம்மா முதல்முறையாகத் தலையாட்டினார்.

கொத்தனார் அண்ணனுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்ததும் அவர்தான் எங்களைவிடப் பிடிவாதமாக நின்றார். காவித் தரையில் ஒட்டுப்போட்டால் பழைய நிறம் ஒருநாளும் வராது. அதனால் அந்த நாலுக்கு மூன்றடியைச் சாக்கும் பலகையும் போட்டு மூடினார். சுற்றிலும் பழைய தரையைக் கொத்திவிட்டு, மேலேயே கலவை பரப்பிக் கல் பதித்தார். கல் ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. சூளைப் பக்கமே போகாது. "பூ வேண்டாமா?" என்று கேட்டு, வேண்டாமென்றதும் காரணம் கேட்காமல் வெற்றுக் கல்லாகச் செய்துதந்த பட்டறைக்காரருக்கு நன்றி. புதுத்தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது; அப்பாவின் இடம் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது.

எலெக்ட்ரீஷியன் தம்பி, தகரக் குடை போட்ட அந்தப் பல்பை மிஷினுக்கு மேல் தொங்கிய உயரத்திலேயே விட்டதற்கு நன்றி. இதுவரை இரண்டு மாமாக்கள் தலையை இடித்துக்கொண்டார்கள், அதனால் என்ன.

ஆசாரி ஐயாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஜன்னல் சட்டத்தில் அப்பா ஊசி குத்திவைத்த துளைகள், அம்மைத் தழும்பு மாதிரி, நூற்றுக்கு மேல் இருக்கும். மக்கு வைத்து அடைக்கட்டுமா என்று கேட்டவர், விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம்மா" என்று தானே சொல்லிவிட்டார். வார்னிஷ்கூட அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

அம்மா இப்போது சுற்றிப் போவதில்லை. நேற்று சாயங்காலம் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பூண்டுத் தோல் நாலு குழியிலும் கிடக்கிறது. நான் இன்னும் பெருக்கவில்லை.

எல்லோரும் ஒருநாள் காபிக்கு வாருங்கள். கால் பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
தையல்காரர் மகள்,
காரைக்குடி