அலை மின்சாரத்துக்கு எதிராளி டீசல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலலை மின்சாரம் பற்றிய உங்கள் கட்டுரையை ஆசையோடு படித்தேன். குளச்சலில் கடலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இந்தியக் கடலில் 40,000 மெகாவாட் இருக்கிறது என்கிற மதிப்பீட்டை எழுதியவர்கள், எங்களுக்குப் பக்கத்தில் கேரளத்து விழிஞ்ஞத்தில் நடந்ததை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

அங்கே 1991-லேயே சென்னை ஐ.ஐ.டி.யினர் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் நிலையத்தை அமைத்தார்கள். கடலுக்குள் பெரிய கான்கிரீட் அறை. உள்ளே அலை ஏறி இறங்க, மேலே அடைபட்ட காற்று முன்னும் பின்னும் பாய்ந்து டர்பைனைச் சுற்றும். மின்சாரமும் வந்தது. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை வெறும் 25 என்பதுதான் அந்த இடத்துக்குப் போட்ட கணக்கு. 2011-ல் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

அலையின் உயரம் பாதியானால் அதன் சக்தி கால்வாசியாகிவிடும். மாசியில் எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும், ஆனி ஆடியில் வள்ளம் இறக்க முடியாது. அந்த ஆடிக் கடலைத் தாங்குகிற பலத்தில் அறையைக் கட்டியாக வேண்டும். ஆனால் வருமானம் வருவது ஆண்டு முழுவதற்குமான சராசரி அலையிலிருந்து. நல்ல அலை அடிக்கிற மாதத்தில் ஏதாவது பழுதானால் கிட்டே போய்ச் சரிசெய்யவும் வழியில்லை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை வைத்துக்கொண்டு மின்வாரியத்துக்கு யூனிட் விற்கப் போனால் நிற்க முடியாது. 2020-ல் குஜராத் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கிவிட்டது. போர்ச்சுகலில் 2008-ல் கடலில் மிதக்கவிட்ட பெலாமிஸ் என்ற மூன்று அலை மின்சார இயந்திரங்களும் சில மாதங்களிலேயே கரைக்குத் திரும்பின.

சரி, அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது என்பேன். மின்கம்பி போகாத இடத்தில் அலைக்கு எதிராளி சூரியன் மட்டுமல்ல, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிற டீசலும்தான். லட்சத்தீவில் காலம் காலமாக ஜெனரேட்டர் ஓடுவது அந்த டீசலில். விழிஞ்ஞம் நிலையத்திலேயே 2004-ல் அலைச் சக்தியைக் கொண்டு நாளுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டினார்கள். தூத்துக்குடிக் கடலில் 2022-ல் ஐ.ஐ.டி.யினர் சோதித்த சிந்துஜா கருவி 100 வாட்தான் தந்தது. நடுக்கடல் கருவிகளுக்கு அதுவே பெரிய உதவி.

இன்னொரு வழி ஸ்பெயினில் இருக்கிறது. முத்ரிக்கு என்ற ஊரில் துறைமுகத்துக்கு எப்படியும் கட்ட வேண்டியிருந்த தடுப்புச் சுவருக்குள்ளேயே 16 டர்பைன்களை வைத்தார்கள். 2011 முதல் அது மின்சாரம் தருகிறது. சுவரின் செலவைத் துறைமுகம் ஏற்றுக்கொண்டதால், அலையின் தலையில் விழுந்தது அறைக்கும் டர்பைனுக்குமான கூடுதல் செலவு மட்டும்.

எங்கள் கடற்கரையிலும் கல்லைக் கொட்டி, கடலரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவுகளும் துறைமுகச் சுவர்களும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தூண்டில் வளைவுக்கு இது ஒத்துவராது, அங்கே ஆழம் போதாது. ஆனால் ஆழமான துறைமுகச் சுவர்களுக்குத் திட்டம் போடும்போதே, ஓர் அறைக்கு இடம் விட்டால் எவ்வளவு கூடுதலாகும் என்று பொறியாளர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தத் தொகையைத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல்.