கையில் ஒரு ஆஃபர், நாளைக்கு ஒரு இன்டர்வியூ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்கு இன்டர்வியூ போகிற இளைஞர்களுக்கு நாணயம் இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எச்.ஆர். வேலையில் இருப்பவராக இருக்கலாம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கிற பேனலில் நானும் உட்காருகிறேன், ஆனாலும் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். வேலை தேடுகிறவரிடம் முதலில் கேட்பதே எப்போது சேர முடியும் என்றுதான், மூன்று மாதம் ஆகும் என்றதும் 'சரி, அப்புறம் கூப்பிடுகிறோம்' என்று போனை வைத்துவிடுவார்கள். அதனால் கிடைத்த முதல் ஆஃபரை ஒப்புக்கொண்டு ராஜினாமா கொடுக்கிறார்கள். நோட்டீஸில் இன்னும் முப்பது நாள்தான் பாக்கி என்கிற கட்டம் வந்ததும், அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத கம்பெனிகளெல்லாம் வரிசையாக அழைக்கும், முதல் ஆஃபரைவிட நல்ல சம்பளத்தோடு. (இரண்டு வருஷமாக இன்க்ரிமென்ட் கேட்டபோது பட்ஜெட் இல்லை என்ற பழைய மேனேஜருக்கும் அந்த நேரத்தில்தான் எங்கிருந்தோ பணம் கிடைக்கும்.) சந்தையை இப்படி அமைத்தது நாம், அதற்குள் நடந்துகொள்ளத் தெரிந்தவனை நாணயமற்றவன் என்பது என்ன நியாயம்?

கம்பெனிகள் கொடுத்த வார்த்தையைப் பற்றியும் பேசுவோம். வருஷச் சம்பளம் 6.5 லட்சம் என்று சொல்லிக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம், 2023 பிப்ரவரியில் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று விப்ரோ கேட்டது. 2022-இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் கொடுத்தவர்களில் சுமார் 2,000 பேரைச் சேர்த்துக்கொள்ள 2024 ஆனது. அந்த இரண்டு வருஷமும் அவர்கள் வேறு எங்கும் இன்டர்வியூ போகாமல் வீட்டில் இருந்திருக்க வேண்டுமா?

அதற்காக என்ன செய்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, வேறு எதுவும் வராவிட்டாலும் இந்த வேலையில் இருந்துகொள்ள முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள், முடியாது என்றால் அவகாசம் கேள். அவகாசம் கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள், ஒரு வாரம் கேட்பவரை அப்படிச் செய்கிற இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. இன்னொரு கம்பெனியிடமும் மறைக்க வேண்டியதில்லை. 'என்னிடம் ஒரு ஆஃபர் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், கடைசி ரவுண்டை அதற்கு முன் முடிக்க முடியுமா' என்று மெயில் போட்டால் பல நேரம் வேகம் பிடிக்கிறார்கள். பேச்சில் 'யு ஆர் செலக்டட்' என்றதை மட்டும் நம்பி, இருக்கிற வேலையை விடக்கூடாது, எழுத்தில் வர வேண்டும்.

வர முடியாது என்று முடிவெடுத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், இரண்டு வரி மெயில் போதும். ஜாயினிங் அன்று காலை போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். அவருக்காக நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிய இரண்டாவது ஆள் அதற்குள் வேறெங்கோ சேர்ந்திருப்பார்.

சேர்ந்த பிறகு விலகினால் கதை வேறு. பி.எஃப். கணக்கில் அந்தக் கம்பெனியின் பெயர் ஏறிவிடும், அடுத்த இடத்தில் பின்னணி சரிபார்ப்பில் கேள்வி வரும். இத்தனை வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கிற பாண்டு இருந்தால் அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று வருஷம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி விஷயம்தான், ஆனாலும் பாண்டு என்றாலே வெறும் மிரட்டல் என்று இனி யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

நாணயம் பற்றி எழுதிய வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கம்பெனியில் ஆஃபருக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் கொடுக்கிறீர்கள், வேலையை விட்டுப் போக எத்தனை நாள் கேட்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

ஒரு ஐ.டி. ஊழியர்,
சோழிங்கநல்லூர்