தூக்கி நிறுத்தாதே, எழவிடு

மதுரை

அன்பு மகள் மீனாவுக்கு,

‘தசைத் தளர்வு’ என்று டாக்டர் எழுதிய சீட்டையும் நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். பேரன் 16 மாதத்தில் உட்காருகிறான், தவழ்கிறான், எழத்தான் மாட்டேன் என்கிறான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவுகிறான் என்கிறாய். நழுவத்தான் செய்வான், தோளைச் சுற்றியுள்ள தசை இறுகிப் பிடிக்காது. ஒரு கையைப் புட்டத்துக்கு அடியிலும் இன்னொன்றை நெஞ்சுக்குக் குறுக்கேயும் கொடுத்துத் தூக்கு. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. மூட்டும் தளர்வாக இருப்பதால் முழங்கை பிசகிவிடும்.

முதலில் உட்கார்ந்து எழப் பழக்கு. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை டேப் வைத்து அளந்துகொள். இருக்கை அந்த உயரம் இருக்கணும். ஆரம்பத்தில் இரண்டு விரற்கடை கூடுதலாக வைத்தால் எழுவது சுலபம், பழகப் பழகக் குறைத்துக்கொள். மணைப்பலகை உயரம் போதாவிட்டால் பழைய புத்தகங்களை அடுக்கி, ஆடாமல் துணியால் இறுகக் கட்டு. உள்ளங்கால் இரண்டும் முழுசாகத் தரையில் பதியணும், பாதம் முழங்காலைவிடச் சற்றுப் பின்னால், இருக்கைப் பக்கமாக இருக்கணும். எதிரே கட்டில்மேல் அவனுக்குப் பிடித்த சாமானை வைத்துவிட்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்கால்மேல் கை வைத்துத் தரைப்பக்கமாக லேசாக அழுத்து. மூக்கு கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை முன்னால் குனிந்தால்தான் புட்டம் எழும். நாம் கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு பின்னால் சாயும், கால் வேலையே செய்யாது. அதைத்தான் வீடியோவில் மாப்பிள்ளை செய்துகொண்டிருக்கிறார்.

ஒரு வேளைக்கு 5 தடவை, நாளைக்கு மூன்று வேளை போதும். உட்காரும்போது தொப்பென்று விழவிடாதே. மெதுவாக இறங்கும்போதுதான் தொடைத்தசை நன்றாக உழைக்கும். வாய் திறந்து எச்சில் வழிந்தாலோ, கட்டிலில் நெஞ்சைச் சாய்த்துத் தொங்கினாலோ களைத்துவிட்டான் என்று அர்த்தம், நிறுத்திவிடு. சாப்பிட்டதும் செய்யாதே. வெறுங்காலோடு செய்யட்டும். கோரைப்பாய் டைல்ஸில் ஓடும், ரப்பர் பாய் விரி.

கால் இரண்டையும் பின்பக்கமாக வெளியே மடித்து உட்காருகிறான் பார். அப்படி உட்கார்ந்தால் இடுப்பு தானாக நின்றுகொள்ளும், வயிற்றுத்தசைக்கு வேலை இல்லை. அதட்ட வேண்டாம். இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்துவிடு, பக்கத்தை மாற்றி மாற்றி.

உன் அத்தை வாங்கச் சொல்லும் சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை தொங்கிக்கொண்டு விரல்நுனியால் உந்தத்தான் பழகும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. திருவிழாக் கடையில் விற்கும் மர நடைவண்டி நல்லது, ஆனால் இப்போது இல்லை. கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்த பிறகு. அதுவும் லேசானது, முன்னால் ஓடிப் பிள்ளையைக் குப்புறத் தள்ளும். கீழ்ச்சட்டத்தில் 2 கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடு.

எண்ணெய் தேய்க்கட்டும், தப்பில்லை. கைகாலை உருவி இழுப்பதும் தலைகீழாகப் பிடிப்பதும் மட்டும் கூடாது. அத்தை மனம் நோகாமல் நீதான் சொல்லணும்.

மடியில் சாய்த்துப் போட்டு ஊட்டாதே. நிமிர்ந்து, பாதத்துக்கு அடியில் பலகை வைத்து உட்காரட்டும். பாதம் ஊன்றினால் தலை நிற்கும், மென்று தின்னவும் வரும். வயிற்றுத்தசையும் தளர்வு என்பதால் மலச்சிக்கல் வரும். தண்ணீர், கீரை, விதை எடுத்த கொய்யா.

சீட்டில் காரணம் எழுதவில்லை. தளர்வு அறிகுறிதான், பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கணும். தைராய்டு, வைட்டமின் டி, சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டுமா என்று கேள். முழங்காலில் சுத்தியல் தட்டிப் பார்த்தார்களா, நாக்கில் துடிப்பு உண்டா என்றும் கேள். செய்துகொண்டிருந்ததை அவன் செய்யாமல் விட்டாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே கிளம்பு.

பெரியாஸ்பத்திரியில், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். இது 2013இல் தொடங்கிய அரசுத் திட்டம், 18 வயதுவரை கட்டணம் கிடையாது. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அங்கேயே. உசிலம்பட்டியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும், அவன் போடும் ஷூவையும் எடுத்து வா. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மடங்குகிறதென்றால் வேறு வாங்கணும்.

அன்புடன்
அம்மா