எங்கள் 207-ஐ மறுபடி மலை ஏற வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் டாட்டா 207 பிக்கப்புக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று, முடிந்து வந்துவிட்டது. சோதனை முடிந்து பேப்பர் கைக்கு வந்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். வேலை விடவில்லை. நேரில் பார்த்தபோதெல்லாம் நன்றி சொன்னேன்தான், ஆனால் செய்த உதவிக்கு அது போதவில்லை என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சரி, தொழிலைச் சொல்கிறேன். கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் இருப்பவர்களுக்கு அதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

வண்டி 2000-ஆம் ஆண்டு மாடல் டாட்டா 207. 2,956 சி.சி., நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் நம் ஊரிலேயே பிரித்துப் பூட்டலாம். "இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, தவணையில் புதுசு எடு" என்று பலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் பச்சைத் தேயிலைக்கு இன்றைக்குக் கிடைக்கிற விலையை வைத்துக்கொண்டு மாதத் தவணையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதே சமயம், நான்கு நாள் ஓடி ஐந்தாம் நாள் படுத்துக்கொள்கிற வண்டியும் எனக்கு உதவாது. பறித்த இலை மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் சூடேறும், சூடேறினால் சிவந்துபோகும். சிவந்த இலையை ஃபேக்டரியில் கழித்துவிடுவார்கள். கால் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருப்பவர்கள் நம்பி என்னிடம் மூட்டையைத் தருகிறார்கள். அவர்களுக்கு அந்த எடைதான் வாரச் செலவுக்கான பணம். இலை எடுக்காத நாட்களில் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது பார்வைக்கு வைக்கிற பழைய வண்டி அல்ல, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புகிற வண்டி.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மெக்கானிக் அண்ணன். பெயிண்ட் அடித்து ஆரம்பிக்கலாமா என்று என் தம்பி கேட்டதற்கு, "ஏந்தம்பி, முதல்ல இது நிக்கட்டும். அப்புறம் கிளம்பட்டும். அப்புறம் இழுக்கட்டும். பெயிண்ட்டை கடைசில பாத்துக்கலாம்" என்றார். கடைசி வரை அந்த வரிசையை அவர் மாற்றவே இல்லை. கையில் இருந்த பணம் நடுவில் தீர்ந்துபோனபோது, பிரேக் வேலை முழுதாக முடிந்திருந்தது, கதவில் துரு அப்படியே இருந்தது. மாற்றிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். லோடோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், குஞ்சப்பனை வருவதற்குள் லைனர் தீய்கிற வாடை வந்துவிடும். அண்ணன் நான்கு சக்கரத்தையும் கழற்றி, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினார். பழைய பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து என் கையில் கொடுத்தார். கரேலென்று இருந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மூடுபனி ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம் என்பதுதான் அதற்கு வைத்திருக்கிற அளவு. ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவி நிற்கும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்று என்பதற்குக் காரணம் இதுதான். இத்தனை காலம் வண்டி வைத்திருக்கிறோம், இதை யாரும் எனக்கு இப்படிப் பாட்டிலில் பிடித்துக் காட்டிச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லித் தந்தார். டைனமோவுக்குப் பின்னால் இருக்கிற வேக்கம் பம்ப்தான், பெடலை லேசாக மிதிக்க உதவுகிற பிரேக் பூஸ்டருக்கு உயிர். எஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாகிவிடும். தினமும் காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் பெடலை நான்கைந்து முறை மிதித்து இறுக்கிக்கொண்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார். எஞ்சின் பிடித்ததும் பெடல் காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நம் ஊரில் பிக்கப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோவையில் லேத் வைத்திருக்கும் ஐயாவுக்கு அடுத்த நன்றி. பின் சக்கர பிரேக் ட்ரம் இரண்டையும் கடைந்து கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். ஒன்றைக் கடைந்தார். இன்னொன்றை அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார். இதற்கு மேல் கடையக் கூடாது என்று ட்ரம்மிலேயே பொறித்திருக்கும் கடைசி அளவை அது ஏற்கெனவே தாண்டியிருந்தது. "கடைஞ்சு தர முடியும்மா, கூலியும் வாங்கிக்கலாம். மலையில ஓடுற வண்டிக்கு நான் தரமாட்டேன்" என்றார். வேலை வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். அப்புறம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, தேய்மானம் குறைந்த ட்ரம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அவருடைய பட்டறைப் பையன்தான். தம்பி, உனக்கும் நன்றி.

எஞ்சினுக்கு டீசல் கொடுக்கிற பம்பைச் சரிபார்க்கும் மேட்டுப்பாளையம் பம்ப் கடை அண்ணன் எஞ்சினைப் பார்க்கும் முன்னால் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க ஓடுது?" என்பது. அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் கிடைக்கிற காற்றைத்தான் இழுக்கும், பழைய பம்போ கீழே கொடுக்கிற அதே டீசலை மேலேயும் கொடுக்கும். எரிய காற்றுப் போதாத டீசல் கரும்புகையாகப் போகும். ஏற்றத்தில் எங்கள் வண்டி விட்ட புகைக்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால் அவர் பம்பைச் சோதனை பெஞ்சில் ஏற்றி, டீசல் அளவை மலைக்குத் தகுந்தபடி கொஞ்சம் குறைத்து வைத்தார்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசிலைச் சோதித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைப்பிடி போட்ட சின்ன பம்பில் நாசிலைப் பூட்டி அழுத்தினார். முதல் நாசில் குழாய் ஒழுகுவதுபோல் ஒரு பக்கமாகப் பீச்சியது, நுனியில் சொட்டு நின்றது. புது நாசில் போட்டு அழுத்தியபோது "ட்ர்ர்" என்று ஒரு அதிர்வுச் சத்தம், கூடவே எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மெல்லிய புகைபோல டீசல் விரிந்தது. நுனி காய்ந்தே இருந்தது. "இந்தச் சத்தம் வரணும், சொட்டு நிக்கக் கூடாது" என்றார். நான்கையும் அப்படியே எனக்குக் காட்டிவிட்டுத்தான் பூட்டினார். இப்போது அரவேனு ஏற்றத்தில் லோடோடு வரும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தால் ரோடு தெரிகிறது.

கட்டபெட்டு எலெக்ட்ரீஷியன் தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி எழுதாவிட்டால் என் அம்மா கோபித்துக்கொள்வார். பனி விழுகிற மாதங்களில் காலையில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முக்கிக்கொண்டே நிற்கும், எஞ்சின் சுற்றாது. பேட்டரியை மாற்று என்றார்கள், மாற்றினோம். மோட்டாரை மாற்று என்றார்கள். தம்பி வந்து எதையும் கழற்றாமல் மீட்டரை மட்டும் எடுத்தான். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தான், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் வைத்தான். "இப்ப செல்ஃப் அடிங்கக்கா" என்றான். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்கிற எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். கேபிள் முனை பச்சையாகப் பூத்து, கையில் பிடித்ததும் உதிர்ந்தது. கேபிளையும் நாலு வாஷரையும் மாற்றி, சேஸிஸைப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டினான். அவ்வளவுதான். மோட்டார் இன்னமும் அதே பழைய மோட்டார்தான். கூலியாக அவன் கேட்ட தொகையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் அதிகமாகக் கொடுத்ததை வாங்கவும் இல்லை.

முன்பு ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தார்கள். எஞ்சின் சூடாகாமல் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. குளிர் ஊரில் அது இல்லாவிட்டால் எஞ்சின் சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசலும் கூடக் குடிக்கும், சிலிண்டர் லைனரும் சீக்கிரம் தேயும். அதைத் திரும்பப் போடவைத்து, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றச் சொன்ன ரேடியேட்டர் கடைக்காரருக்கும் நன்றி.

வெல்டிங் அண்ணனும் ஒட்டுப் போட்டு அனுப்பவில்லை. சேஸிஸில் இருந்த விரிசல் எங்கே முடிகிறது என்று டார்ச் அடித்துத் தேடி, அந்த முனையில் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடங்கினார். அந்தத் துளை இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே இருக்குமாம். பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழற்றாமல் ராடைக் கையில் எடுக்கமாட்டேன் என்றார். தகர வேலை, பட்டி, பெயிண்ட், குஷன் எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் முடிந்தன. செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி. கலர் பழைய வெள்ளைதான்.

மேட்டுப்பாளையம் மண்டியில் காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்கார அண்ணன்கள் உதிரிபாகங்களை வாடகை வாங்காமல் மேலே கொண்டுவந்து கொடுத்தார்கள். மழைக்காலம் முழுக்கத் தன் ஷெட்டில் பாதியை எங்கள் வண்டிக்கு ஒழித்துக்கொடுத்த பக்கத்து வீட்டு மாமா, தன் மாட்டுத் தீவனத்தை வீட்டுத் திண்ணையில் அடுக்கிக்கொண்டார். பழைய வண்டி ரிப்பேருக்குக் கடன் கிடையாது என்று ஓர் இடத்தில் கைவிரித்தபோது, எங்கள் மகளிர் குழு அக்காக்கள் ஒரே கூட்டத்தில் பேசி முடித்துப் பணம் கொடுத்தார்கள். தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருகிறேன், அக்கா.

எல்லோரையும் விட ஒருவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இலை எடுக்கும் இன்னொரு பிக்கப்காரர். தொழிலில் எனக்குப் போட்டி. என் வண்டி நின்றதும் என்னிடம் இலை கொடுத்த வீடுகள் எல்லாம் அவர் பக்கம் போயிருக்கும், போயிருந்தால் நான் குறை சொல்ல முடியாது. அவர் வந்து என் நோட்டைக் கேட்டார். என் வீடுகளின் மூட்டைகளுக்குத் தனியாகச் சாயத்தில் கோடு போட்டு, எடையை என் நோட்டில் தனியாக எழுதி, ஃபேக்டரியிலும் என் கணக்கிலேயே சேர்த்தார். டீசல் செலவு மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரு வீட்டைக்கூடத் தன் பக்கம் இழுக்கவில்லை. மழையில் இரண்டாவது நடை வர வேண்டியிருந்த நாட்களிலும் முகம் சுளிக்கவில்லை. நோட்டைத் திருப்பித் தந்தபோது எல்லா எடையும் கூட்டி, அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். அண்ணா, உங்கள் வண்டி என்றைக்காவது நின்றால் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும்.

அந்த மாதங்களில் தங்கள் இலையை வேறு யாருக்கும் மாற்றாமல் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கும் கும்பிடு.

எந்தெந்த பாகம் எங்கே கிடைத்தது, என்ன விலை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். 207 வைத்திருப்பவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். நாசில் டெஸ்ட், எர்த் கேபிள் சோதனை இரண்டையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்றும் சொல்கிறேன்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து பழைய நேரத்துக்கே இலை எடுக்க வருகிறேன். மேல் ஊரில் மதியம் இரண்டு மணி, கீழ் ஊரில் மூன்றரை மணி. மூட்டையை நனையாமல் நிழலில் வைத்திருங்கள், அழுத்திக் கட்டாதீர்கள்.

அன்பும் நன்றியும்,
இலை எடுக்க வரும் 207-காரி