வினாத்தாளில் கணக்குக்கும் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

"போட்டித் தடுப்பு என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக." ஐந்து மதிப்பெண். இந்தக் கேள்வி வராத நொதியியல் தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாணவர்களும் சளைத்தவர்கள் இல்லை. வரையறை, லைன்வீவர்-பர்க் படம், இரண்டு கோடுகளும் ஒய் அச்சில் ஒரே புள்ளியில் வெட்டுவது, மலோனேட் எடுத்துக்காட்டு என்று அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எழுதியவருக்கு விஷயம் புரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தாள் திருத்துகிற எனக்கு வழியே இல்லை.

அதே ஐந்து மதிப்பெண்ணுக்கு வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பக்கம் நடந்ததும் இதேதான். மெத்தனால் தானாகச் செய்கிற கேடு குறைவு. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் பார்வையையும் உயிரையும் பறிக்கிறது. ஃபோமெபிசோல் மருந்து கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். எத்தனால் அதே நொதியில் இடம்பிடித்து மெத்தனாலை ஒதுக்கிவைக்கும், போட்டித் தடுப்பு என்பது இதுதான். (வீட்டில் யாரும் செய்துபார்க்கிற வைத்தியம் இல்லை இது. ஆளையே கொண்டுபோய்விடும்.)

சரி, கணக்கு இதுதான். மெத்தனாலுக்கு அந்த நொதியின் கே.எம். (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான அளவு) 8 மில்லிமோலார், எத்தனாலின் தடுப்பு மாறிலி (சிறியதாக இருந்தால் தடுப்பு வலுவானது) 1 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் ரத்தத்தில் மெத்தனால் 8 மில்லிமோலார் இருக்கிறது. எத்தனாலை 20 மில்லிமோலாருக்குக் கொண்டுவந்தால், ஃபார்மால்டிஹைடு உண்டாகும் வேகம் எத்தனை மடங்கு குறையும்?

எத்தனால் இல்லாதபோது வேகம் வி-மேக்ஸில், அதாவது உச்ச வேகத்தில், சரிபாதி. எத்தனால் வந்ததும் கே.எம். (1 + 20/1), அதாவது 21 மடங்காகி 168 போலத் தெரியும். 8-ஐ (8 + 168), அதாவது 176-ஆல் வகுத்தால் 22-இல் ஒரு பங்கு. பாதியாக இருந்தது நாலரை சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, அதாவது 11 மடங்கு குறைவு. மூன்றே வரி. மாறிலிகள் நான் கணக்குக்காக வைத்தவைதான். ஆனால் அந்த 20 மில்லிமோலாரை மாற்றிப் பார்த்தால் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 92 மில்லிகிராம் வரும். சிகிச்சையில் குறிவைக்கிற 100 மில்லிகிராமுக்குப் பக்கத்திலேயே. இந்த மாற்றத்தைக்கூட மாணவரையே செய்யச் சொல்லலாம். அப்புறம் கடைசி ஒரு மதிப்பெண்ணுக்கு, "உடம்பிலிருந்த மெத்தனால் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். ஒன்றும் ஆகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. மூச்சிலும் சிறுநீரிலும் மெல்லமெல்ல வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் டயாலிசிஸ் செய்து எடுக்க வேண்டும். எத்தனாலைப் பாதியில் நிறுத்தினால் நச்சு மறுபடி உண்டாகத் தொடங்கும். மீள்தன்மை உள்ள தடுப்பு என்று மனப்பாடம் செய்த வரி புரிந்ததா இல்லையா என்பது இந்த ஒரு மதிப்பெண்ணில் தெரிந்துவிடும்.

பி.எச்.-ஐ மாறாமல் காக்கும் கரைசலான பஃபர் கதையும் இப்படித்தான். அதன் பி.எச்.-ஐக் கணக்கிடும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டைத் தருவிக்கச் சொன்னால் ஒரு பக்கம் நிறைத்துவிடுவார்கள். 0.1 மோலார் அசிட்டேட் பஃபர், பி.எச். 5.06, 500 மில்லிலிட்டர் தயாரிக்கச் சொல்லுங்கள், கை நின்றுவிடும். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண்) 4.76 என்றால் வித்தியாசம் 0.3, லாக் 2-இன் மதிப்பும் அதுதான். ஆக அசிட்டேட்டும் அமிலமும் 2-க்கு 1. மொத்தம் 50 மில்லிமோல், அதில் அசிட்டேட் 33.3. இதுவரை தாளில் போட்டுவிடலாம். ஆய்வகத்தில் அடுத்த கேள்வி, அலமாரியில் இருக்கிற சோடியம் அசிட்டேட் பாட்டில் எது என்பது. நீரற்றது என்றால் சுமார் 2.7 கிராம். மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்தது என்றால் 4.5 கிராம். லேபிளைப் படிக்காமல் எடை போட்டால் பஃபர் கெட்டது. இரண்டு பாட்டிலின் மூலக்கூறு எடையையும் கேள்வியிலேயே கொடுத்து, "உங்கள் ஆய்வகத்தில் இரண்டாவதுதான் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மனப்பாடம் அந்த வரியைத் தாண்டாது.

பட்டம் முடித்த பிள்ளைகள் அடுத்து உட்காருகிற தேர்வுகள் எப்படி இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதுகலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வின் உயிரித்தொழில்நுட்பத் தாளில் விடையை எண்ணாகவே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகள் வருகின்றன. தேர்ந்தெடுக்க நாலு விடை கிடையாது. குருட்டாம்போக்கில் குறிப்பதற்கும் வழியில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியலில் 200-க்கு 100 மதிப்பெண், தரவைக் கொடுத்து யோசிக்க வைக்கும் மூன்றாம் பகுதிக்கு. பருவத்தேர்வில் 75-க்கு 68 வாங்கியவர், என்.ஏ.டி.எச். ஒளி உறிஞ்சலில் நிமிடத்துக்கு 0.311 மாற்றம் என்று கொடுத்து நொதிச் செயல்பாட்டைக் கேட்டால் திகைத்துப்போகிறார். 6220 என்ற எண் (என்.ஏ.டி.எச்.-இன் ஒளி உறிஞ்சலைச் செறிவாக மாற்றும் மாறிலி) அவருக்குத் தெரியும். அதால் எதற்காக வகுக்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இனி, துறைக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் பதிலுக்கு வருகிறேன். "கணக்கு வராதென்றுதானே ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு இங்கே வருகிறார்கள். கணக்குக் கேட்டால் தேர்ச்சி விழுந்துவிடும்." தேர்ச்சி விகிதத்தின் மேல் கல்லூரிகளுக்கு இருக்கிற பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்குகளில் என்ன இருந்தது? விகிதம், வகுத்தல், ஒரு லாக். பத்தாம் வகுப்பைத் தாண்டியது அந்த லாக் ஒன்றுதான். வகை நுண்கணிதத்தை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வியப்புதான். நம் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். பத்து மதிப்பெண் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுவதற்காகவே நோட்ஸை வரிக்கு வரி நெட்டுருப் போடுகிறார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் அத்தோடு விடை நின்றுவிடும். கணக்குக்கு அந்த வம்பு இல்லை. சமன்பாடு, எண்கள், யூனிட், விடை. ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளை முழு மதிப்பெண் எடுக்கக்கூடிய கேள்வி நம் தாளில் ஏதாவது உண்டென்றால், அது இதுதான். அதைத்தான் அவர்கள் நன்மைக்காக என்று சொல்லி எடுத்துவிட்டிருக்கிறோம்.

கணக்கு என்றால் எப்போதும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. கன நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாவை லேசான நைட்ரஜனுக்கு மாற்றி, டி.என்.ஏ. எப்படி நகலாகிறது என்று மெசல்சனும் ஸ்டாலும் 1958-இல் காட்டிய சோதனையை விளக்கச் சொல்வதற்குப் பதிலாக, மூன்றாம் தலைமுறைக் குழாயில் பட்டைகள் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள் (கலப்பு கால் பங்கு, லேசானது முக்கால்). டி.என்.ஏ. முழுவதும் பழைய இழை, முழுவதும் புது இழை என்று பிரிந்திருந்தால் முதல் தலைமுறையிலேயே என்ன தெரிந்திருக்கும் என்றும் கேளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஈ. கோலை செல் ஒன்று 24 மணி நேரத்தில் 72 முறை இரட்டித்தால், ஒரு செல்லுக்கு ஒரு பிகோகிராம் என்று வைத்தாலே சுமார் 4,700 டன் வரும். குடுவையில் ஏன் வருவதில்லை என்று மூன்று வரியில் எழுதட்டும். ஊட்டம் தீர்வது, கழிவு சேர்வது, ஆக்சிஜன் போதாமல் போவது எல்லாம் தானாக வந்து விழும். வளர்ச்சிக் கட்டங்களைப் படம் வரைந்து பாகம் குறிப்பதைவிட இது சுவாரசியம், திருத்துகிறவருக்கும்தான்.

எல்லாத் தாளையும் ஒரே பருவத்தில் மாற்ற முடியாது. நொதியியல், பகுப்பாய்வு முறைகள், உயிரியச் செயல்முறைத் தொழில்நுட்பம், இந்த மூன்றில் தொடங்கலாம். ஐந்து மதிப்பெண் பகுதியில் குறைந்தது இரண்டு கேள்விகள் கணக்காக இருக்கட்டும். தயவுசெய்து "அல்லது" போட்டு அதற்கு மாற்றாக ஒரு வரையறையை வைத்துவிடாதீர்கள், எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடுவார்கள். விடைக்குறிப்பில் சமன்பாட்டுக்கு எவ்வளவு, எண்களைப் பொருத்தியதற்கு எவ்வளவு, யூனிட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். இல்லையென்றால் மையத்தில் திருத்துகிறவர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துச் சுழித்துவிடுவார். சாதாரண அறிவியல் கால்குலேட்டரை அனுமதியுங்கள். மாறிலிகளையும் சமன்பாடுகளையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தாளோடு சேர்த்துக் கொடுத்தால் மனப்பாடத்துக்கான காரணமும் போய்விடும். போன ஆண்டு எண்களை இந்த ஆண்டு அப்படியே திருப்பிப் போடாதீர்கள். விடையையே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அந்தத் திறமை நம் பிள்ளைகளிடம் ஏராளம்.

கேள்வி வங்கிக்கு விடைக்குறிப்போடு கணக்குகள் எழுதித்தர நான் தயார். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்தால் நேரிலும் வந்து பேசுவேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்